பொக்கைவாய் ராணி மலை புகுந்த படலம்

தடார்.

மூன்றாம் மாடிப் படிக்கட்டில் கனத்த இரும்பு ஏதோ சுவரில் மோதிய சத்தம். மேல்வீட்டுக் கதவு ஒன்றும் எதிர்வீட்டுக் கதவு ஒன்றும் திறந்து, எட்டிப் பார்த்து, வந்தது தங்களுக்கல்ல என்று தெரிந்ததும் மூடிக்கொண்டன. "தூக்கு, தூக்கு, சுவர்ல உரசாதே" என்று கனத்த குரலொன்று கட்டளையிட, "நீங்களும் ஒரு கை பிடிங்க சார்" என்று மெலிந்த குரல்கள் இரண்டு முனக, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு மாற்றான் படை வாசலை வந்தடைந்தது. படை என்றால் யானைப்படையோ குதிரைப்படையோ அல்ல. ஆறடி நீளமும் மார்பளவு உயரமும் கொண்டு, ஏறி ஓடுகிறவரை ஓரங்குலமும் முன்னேறவிடாமல் மூச்சிரைக்க வைக்கும் விந்தை வாகனமாகிய டிரெட்மில் ஒன்று.

அந்த ஓசை செவியில் விழுந்தும் கைத்தூரிகை நடுங்காமல், பின்னறையில் முழங்காலிட்டு, சுண்டுவிரல் உயர மரமொன்றின் கடைசிக் கிளைக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்த மாவீரரை முதற்கண் வாழ்த்துவோம்.

வாழ்க செட்டு மாஸ்டர். முப்பது ஆண்டுகள் பல் லேபின் நாற்காலியில் வீற்றிருந்து, இழந்த வாய்களுக்கெல்லாம் இளமை மீட்டுத் தந்த கொடையாளர் வாழ்க. மெழுகை உருக்கி அச்செடுக்கும் விரல்கள் பத்தும், அரத்தால் அராவி அராவி மழுங்கிய நகங்கள் பத்தும், எத்தனை சோப்புப் போட்டாலும் பிளாஸ்டர் வெண்மை விலகாத காதோரமும் வாழ்க. அவர் கட்டிய பல் செட் தும்மினால் விழாது, சிரித்தால் ஆடாது, சண்டையில் கத்தினாலும் இடம்பெயராது. ஈறுக்கும் செட்டுக்கும் நடுவே ஒரு முடி நுழைய இடமிருந்தாலும் அதை உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் மூர்க்கம் அவருடையது. 'இடைவெளி' என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் சுளிப்பார். இந்த ஒரு குணத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஏனெனில் அன்று நிகழ்ந்த பேரழிவுக்கெல்லாம் வித்து அதுதான்.

இனி அவர் ஆண்ட நாட்டைச் சொல்வோம். பத்தடிக்கு எட்டடிப் பின்னறை. ஒரு காலத்தில் உடைந்த மின்விசிறியும் பழைய பெட்டிகளும் குடியிருந்த அந்தப் பாழ்நிலத்தை, இரண்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு, சுவரோரம் நெடுகப் பலகையடித்து, அதன்மீது ஒரு ரயில்வேயையே நிறுவியிருந்தார் மாஸ்டர். பெருநகரங்களை இணைக்கும் அகலப்பாதை அல்ல அது. கட்டைவிரல் அகலமே உள்ள குட்டிப் பாதை. இரு தண்டவாளங்களும், செட்டைப் பக்கத்துப் பல்லோடு கொக்கி போட்டு நிறுத்தும் எஃகுக் கம்பி. குறுக்குக் கட்டைகளோ, டாக்டர் நாக்கை அமுக்கிப் பார்க்கும் மரக்குச்சியை மூன்றாக நறுக்கியவை. பாதையோரத்து மரங்களெல்லாம் மெருகு போட்டுப் போட்டுத் தேய்ந்த பிரஷ்கள். 'கொஞ்சமிரு' என்றொரு நிலையம், 'வந்தாச்சு' என்றொரு நிலையம். நிறம் பொருந்தவில்லையென்று லேபில் ஒதுக்கப்பட்ட கடைவாய்ப் பற்கள், கண்ணும் மூக்கும் வரையப்பெற்று, குடும்பம் குடும்பமாக மூட்டை முடிச்சோடு அங்கே காத்துநின்றன. சிவப்புத் தொப்பி தரித்த கோரைப்பல் ஒன்று ஸ்டேஷன் மாஸ்டராகக் கடுகடுத்து நின்றது.

எஞ்சின்கள் மூன்று அவர் கையில் பிறந்தன. மூத்தது பின்னோக்கி மட்டுமே செல்வேன் என்று அடம்பிடித்தது. இரண்டாவது, சிகிச்சை நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தவரைப்போல உடம்பெல்லாம் நடுங்கி, அந்த நடுக்கத்திலேயே தன் சக்கரம் நான்கையும் உதிர்த்துவிட்டு ஓய்ந்தது. மூன்றாவதாக உதித்தவள்தான் பொக்கைவாய் ராணி. ஈறு செய்யும் பிசினில் வார்த்ததால் ரோஜா நிறத்தவள். இருமல் மருந்துக் குப்பியளவு கொதிகலனும், டூத்பேஸ்ட் மூடியைக் கவிழ்த்த புகைபோக்கியும் உடையவள். எலெக்ட்ரிக் டூத்பிரஷின் மோட்டாரை இதயமாகக் கொண்டவள். முகப்பில் பதித்த முன்பற்கள் இரண்டால் உலகத்தைப் பார்த்து ஓயாமல் சிரிப்பவள். பல்லைத் தேய்க்கும் மைக்ரோமோட்டார் பெட்டியிலிருந்து அவளுக்கு மின்சாரம் வரும். பலகைக்குக் கீழே அதன் கால்மிதி. அழுத்தினால் வேகம், விட்டால் நிதானம்.

இப்படிப்பட்ட பொன்னாட்டின் மீது கண்வைத்தவர் யார்? மாஸ்டர் மனைவியின் உடன்பிறந்த அண்ணன், அடுத்த தெரு லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவது மாடிக்கும் பாதாளத்துக்கும் நடுவே லிஃப்ட் கம்பியை ஒரு கையால் பிடித்துத் தொங்கியபடி மறுகையால் டீ குடித்த தீரர். டாக்டர் நடக்கச் சொன்னாரென்று டிரெட்மில் வாங்கி, நான்கு நாள் நடந்து, ஐந்தாம் நாளிலிருந்து அதில் துண்டு உலர்த்தி வந்தார். ஹாலில் காலை நீட்ட இடமில்லை, அந்த இரும்பு இருக்கவேண்டும் அல்லது நான் இருக்கவேண்டும் என்று அவர் மனைவி அறுதியிட்டுக் கூற, அவர் தங்கை வீட்டுப் பின்னறையை நினைத்தார். பெரிய மனுஷன் பொம்மை ரயில் விட்டு விளையாடுகிற அறைதானே, அதைவிட ஆரோக்கியம் முக்கியமில்லையா என்று போன திங்கட்கிழமை இதே வீட்டில் வந்து நியாயம் பேசினார். மாஸ்டர் பதிலுக்கு, ஆணியும் பசையும் வைத்துச் சுவரோடு இழைத்த பாதையை எடுப்பதென்றால் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்கவேண்டும், அதற்கு என்னையே அறுக்கலாம் என்றார். பேச்சு வளர்ந்தது. டீ ஆறியது.

அப்போது எழுந்தாள் மாஸ்டரின் மனைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் பதிவேடு பார்ப்பவள். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பி, அதன்பின் உலகத்தில் எவருக்கும் பயப்படாதவள். லீவ் லெட்டர் இல்லாமல் வந்த பெற்றோர்களை ஒரே பார்வையில் திருப்பியனுப்பிய கண்கள் கொண்டவள். ஆறிய டீயை இருவர் கையிலிருந்தும் வாங்கிக்கொண்டு அவள் பிரகடனம் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ரயில் ஓடட்டும். கை படாம மூணு சுத்து. ஓடிடுச்சுன்னா ரூம் ரயிலுக்கு. ஓடலேன்னா அண்ணனோட மெஷினுக்கு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் இதைப் பத்தி என்கிட்ட மூச்சு விடக்கூடாது."

வீரர்கள் இருவரும் தலைவணங்கினர். வேறு வழியும் இருக்கவில்லை.

ராணி மூன்று சுற்று என்ன, முப்பது சுற்றும் ஓடுவாள். மாஸ்டர் அந்த வாரம் முழுவதும் காலாட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இக்காவியம் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் போருக்குப் போகிறவன் புது வாளைத் தேடுவான் அல்லவா? வெறும் வட்டத்தில் ஓடுவதா வெற்றி, மலையைக் குடைந்து, இருளில் புகுந்து, ஒளியில் வெளிப்பட்டல்லவா மச்சானின் வாயை மூடவேண்டும் என்று சனிக்கிழமை காலையில் அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதும் ஒரு மூட்டை பிளாஸ்டரைக் கரைத்தார். 'கொஞ்சமிரு'வுக்கும் 'வந்தாச்சு'வுக்கும் நடுவே தொடையளவு மலையொன்று எழும்பியது.

மலை எழும்பியது சரி, குகை? மற்ற மனிதர்கள் குழாய்த் துண்டையோ டப்பாவையோ வைத்துக் குகை செய்வார்கள். செட்டு மாஸ்டரின் கை அப்படிப் பழகியதல்ல. அளவெடுக்கவேண்டிய பொருள் எதுவோ அதையே அச்சாக வைப்பது அவர் தொழில். ராணியின் மேனி முழுக்க வாசலின் களிம்பைப் பூசினார். அவளைப் பாதையில் நிறுத்தி, சுற்றிலும் பிளாஸ்டரை அப்பி, அது இறுகும் பருவம் பார்த்து, ஈறிலிருந்து அச்சை எடுக்கும் அதே நிதானத்தோடு, அங்குலம் அங்குலமாக மறுபக்கம் இழுத்தெடுத்தார். குகைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். புகைபோக்கிக்கு ஒரு பள்ளம், கொதிகலனுக்கு ஒரு வளைவு, கூரை விளிம்புக்கு ஒரு கோடு. ராணியின் உருவம் அப்படியே கல்லில் நின்றது. வாசலின் ஈரம் காயாத ராணியை விரலால் தள்ளினார். வெண்ணெயில் கத்திபோல் வழுக்கிக்கொண்டு போனாள். ஒரு முடி நுழைய இடமில்லை. மாஸ்டரின் நெஞ்சு விம்மியது.

மாலையில் அறை வாசலில் வந்து நின்ற மனைவி, மலையை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்தது. இதை எதுக்கு இப்ப கொண்டுவந்து வச்சீங்க?"

அழகுணர்ச்சி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்று மாஸ்டர் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

ஞாயிறு நான்கு மணி. கூடத்தில் டிரெட்மில் நின்றது. தூக்கிவந்த ஆட்கள் இருவரும் அதன் பட்டையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தனர். ஐந்து மணிக்கு மேல் இருக்க முடியாது, அடுத்த வீடு இருக்கிறது என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மச்சான் பின்னறை வாசற்படியில் கைகட்டி நின்றார். போகிற போக்கில் டேப்பை எடுத்து அறையின் அகலத்தை ஒருமுறை அளந்தும் கொண்டார். மனைவி உலர்ந்த துணிக்குவியலை மடியில் போட்டு, நாற்காலியில் அமர்ந்து மடிக்கலானாள். மாஸ்டர் அழுக்குப் படிந்த வாசலினை ராணியின் மேனியிலிருந்து பஞ்சால் சுத்தமாகத் துடைத்தெடுத்து, பளபளவென்று மெருகேற்றி, பாதையில் நிறுத்தினார். போர்க்களத்துக்குப் போகும் அரசியைக் கவசம் கழற்றி அனுப்பிய கதை அது; ஆனால் அப்போது யாருக்குத் தெரியும்?

கால்மிதி அமுங்கியது. ராணி சிலிர்த்தாள். கடைவாய்க் குடும்பங்களைச் சுமந்த பெட்டிகள் மூன்றும் பின்தொடர, ரோஜா நிற மேனி மினுங்க, முன்பற்கள் இரண்டும் முன்செல்ல, கோரைப்பல்லாரைக் கடந்து, பிரஷ் வனத்தைக் கடந்து, கண்ணாடித் துண்டு ஏரிமேல் கட்டிய பாலத்தைக் கடந்து, வெண்மலையின் வாய்க்குள் ஆரவாரத்தோடு நுழைந்தாள்.

சப்.

சிறிய ஓசைதான். ஆனால் அதைக் கேட்ட மாத்திரத்தில் மாஸ்டரின் முகத்தில் ஒரு கணம் பரமானந்தம் பரவியது. கச்சிதமாக அமைந்த செட் ஈறில் போய் உட்காரும்போது எழும் ஓசை அது. முப்பது ஆண்டுகளாக அவர் எந்த ஓசைக்காக உழைத்தாரோ அதே ஓசை. அடுத்த கணத்தில்தான், எழவேண்டிய இன்னொரு ஓசையைக் காணோம் என்பது உறைத்தது. மோட்டார் முனகியது. மலை அதிர்ந்தது. ராணி வரவில்லை.

"என்ன மாப்ளே, வண்டி உள்ளேயே தங்கிடுச்சா?" என்றார் மச்சான்.

இனித் தொடங்கியது பெரும்போர். முதல் அம்பாக, கடைசிப் பெட்டியின் கொக்கியில் தடிமனான நூலைக் கட்டி இழுத்தார் மாஸ்டர். நூல் அறுந்து, அவர் பின்னால் சாய்ந்து, ஒரு வனமே சரிந்தது. இரண்டாம் அம்பாக, மறுவாயில் வழியே பின்னல் ஊசியை விட்டு ராணியின் நெற்றியில் நெம்பினார். முன்பல் ஒன்று பெயர்ந்து வெளியே உருண்டது. மூன்றாம் அம்பாக, வாசலினைக் குகையின் வாயில் அப்பி, ஊதி, உறிஞ்சி, மன்றாடிப் பார்த்தார். எதிரியின் வலிமை எங்கிருந்து வந்தது? அவர் கையிலிருந்தே வந்தது. உலகத்தில் எந்தச் சக்தியாலும் ஆட்ட முடியாதபடி அமைப்பதற்கென்றே பழகிய கை அமைத்த குகை. அதை ஆட்டவேண்டியவரும் அவரே. தம் திறமையோடு தாமே மல்லுக்கு நிற்க நேர்ந்த அந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது.

நாலரை மணி. மச்சான் தொண்டையைக் கனைத்து, தோல்வி தோல்விதான், முதல் சுற்றே முடியவில்லை, கையும் பட்டாகிவிட்டது, ஆட்களை உள்ளே கூப்பிடலாமா என்று தங்கையைக் கேட்டார். மாஸ்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கண்ணெதிரே ரம்பம் ஒன்று தண்டவாளத்தை அறுத்துக்கொண்டிருந்தது. சிவப்புத் தொப்பிக் கோரைப்பல்லார் அட்டைப்பெட்டிக்குள் தலைகீழாகக் கிடந்தார்.

நடுவர் ஒரு தலையணை உறையை நான்காக மடித்து, ஓரத்தை நீவிவிட்டு, வாய் திறந்தாள்.

"மலை சரிஞ்சா எந்த ஊர் ரயிலும் நிக்கத்தான் செய்யும். அது ரயிலோட குத்தம் இல்லை. அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. முதல்லேர்ந்து ஓடட்டும்."

"மலையே இவர் வச்சதுதானேம்மா" என்றார் அண்ணன்.

"யார் வச்சா என்ன, மலை மலைதான். நீ நகரு, வெளிச்சம் மறைக்குது."

அந்தச் சொல் மாஸ்டரின் தளர்ந்த தோளில் வந்து விழுந்தது. எழுந்தார். மைக்ரோமோட்டார் பெட்டியிலிருந்து ரயிலின் மின்கம்பிகளைப் பிடுங்கினார். எந்தக் கால்மிதி இதுவரை ராணியை ஓட்டியதோ அதே கால்மிதியால் சுழலும் தேய்ப்புக் கைப்பிடியைப் பெட்டியில் மாட்டி, அதன் நுனியில் கூர்மையான தேய்ப்பு முள்ளைச் செருகி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, மலையின் மறுவாயிலுக்கு நேராகக் குறிவைத்து மிதித்தார்.

கீஈஈஈஈ.

வாசகரே, லிஃப்ட் கிணற்றில் தொங்கியபடி டீ குடித்தவரின் நிலையை இப்போது பாருங்கள். அந்த ஓசை எழுந்ததும் அவர் வலக்கை தானாக உயர்ந்து தாடையைப் பற்றியது. நெற்றியில் வியர்வை முத்துக்கள் அரும்பின. பன்னிரண்டு மாடி உயரம் அசைக்காத கால்கள் பின்வாங்கின. "நான் கொஞ்சம் ஹால்ல இருக்கேன்" என்று மெல்லிய குரலில் அறிவித்துவிட்டு அவர் டிரெட்மில்லின் பட்டையில் போய், ஆட்களிருவருக்கும் நடுவே, கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். போரில் எதிரி புறங்காட்டிய கணம் அது. ஆனால் அதை ரசிக்க மாஸ்டருக்கு நேரமில்லை.

வெண்துகள் பறந்தது. மரங்கள் வெளுத்தன, ஏரி வெளுத்தது, மாஸ்டரின் மீசை வெளுத்தது, மடித்துவைத்த துணிகள் வெளுத்தன. அந்தக் கடைசி விஷயத்தை மனைவி கண்டும் காணாதிருந்தாள். சொத்தைப் பல்லைச் சுற்றிலும் பதம்பார்த்துக் குடைவதுபோல் கொதிகலனை ஒட்டி, கூரையை ஒட்டி, மேனியில் ஒரு கீறல் விழாமல் குடைந்து குடைந்து முன்னேறினார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் 'டொக்' என்று ஏதோ விட்டது. ராணி, ஒற்றைப் பல்லோடு, வெண்பொடி பூசிய முகத்தோடு, உள்ளங்கையில் வந்து விழுந்தாள்.

இனிமேல்தான் இக்காவியத்தின் உச்சம். குகையை மறுபடி பார்த்தார் மாஸ்டர். இன்னும் நெருக்கம். வழிவிடவேண்டும். தாராளமாக விடவேண்டும். முள்ளைத் தூக்கிய கை ஒரு கணம் நின்றது. முப்பது ஆண்டு விரதம் அந்தக் கையைப் பிடித்து இழுத்தது. பின்பு, கண்ணை இறுக மூடித் திறந்து, பல்லைக் கடித்து, வாழ்நாளில் முதன்முறையாக அவர் இடைவெளி விட்டார். சுற்றிலும் ஒரு விரற்கடை. தளர்வாக. அவமானகரமாக. அதைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

ரயிலின் மின்கம்பிகள் பெட்டிக்கு மீண்டன. ஆறு நிமிடமே எஞ்சியிருக்க, ஓசை அடங்கியதை உறுதிசெய்துகொண்டு மச்சானும் வாசற்படிக்கு மீண்டார். ராணி புறப்பட்டாள். பாலம் ஏறினாள். மலைக்குள் மறைந்தாள். மூவரும் மூச்சை அடக்க, மறுவாயிலில் ஒற்றைப் பல் மின்ன வெளிப்பட்டாள். முதல் சுற்று. 'வந்தாச்சு' கடந்து, 'கொஞ்சமிரு' கடந்து, மறுபடி மலை, மறுபடி வெளிச்சம். இரண்டாம் சுற்று. மாஸ்டரின் உள்ளத்தில் முரசம் கொட்டியது. அவர் கால் அவரை மீறி அமுங்கியது. என்றும் பாதிக்கு மேல் மிதித்தறியாத மிதியை முழுக்க மிதித்தார். மூன்றாம் சுற்றில் ராணி ஓடவில்லை, பறந்தாள். மலையைத் துளைத்து, பெட்டிகள் குதிக்க, கடைவாய்க் குடும்பங்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய, ஜன்னலோரத்து வளைவை நோக்கிப் பாய்ந்தாள்.

"காலை எடுங்க."

மனைவியின் குரல். இருபத்தாறு ஆண்டு பழக்கத்தால், ஏன் என்று கேட்பதற்கு முன்பே மாஸ்டரின் கால் எழும்பிவிட்டது. ராணி வேகம் தணிந்து, வெளிச்சக்கரங்களால் தண்டவாளத்தைக் கிறீச்சிட்டுப் பற்றி, ஒருபுறமாகச் சாய்ந்து, சாய்ந்தது போதுமென்று நிமிர்ந்து, வளைவைக் கடந்து, கோரைப்பல்லாரின் திருமுன் வந்து நின்றாள். மூன்று சுற்று. மணி ஐந்துக்கு ஒரு நிமிடம்.

மச்சான் நெடுமூச்செறிந்து, டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டு, இறக்கு இறக்கு என்று மறுபடி கட்டளையிடலானார். இரும்பின் உராய்வு படி படியாகக் கீழே இறங்கித் தேய்ந்தது. நாடு மீண்டது. வெண்புழுதியில் மூழ்கிய தன் பேரரசின் நடுவே முழங்காலிட்டிருந்த மாஸ்டர், ஜன்னலோரத்து வளைவை வெகுநேரம் பார்த்தார். அவர் கையில் அங்கே எந்த நாளும் வண்டி கவிழ்ந்ததில்லை. கவிழும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. மெல்லத் திரும்பி, அந்த இடத்தில் காலை எடுக்கவேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று மனைவியைக் கேட்டார்.

அவள் தலையணை உறையை உதறிப் பிளாஸ்டர் பொடியைத் தட்டிவிட்டு, மறுபடி நான்காக மடித்தாள்.

"தினம் மத்தியானம் எனக்கு அங்கதான் கவுந்துடுது."